வேங்கைக்கோட்டைக் காவலனுக்கு, அவன் தமக்கை பகைவர்க்குப் புறங்காட்டிய பெருமையை உரைக்கும் ஓலை

மழை பொய்யாது பெய்க. நுரையாறு கரை தொட்டு ஓடுக. கழனியும் கலமும் நிறைக.

அலையேறு கொடியும் ஆம்பல் மாலையும் உடைய பொழிற்கரை வேந்தன் பெருநற்சேந்தன், தன் வடவெல்லையாகிய வேங்கைக்கோட்டையைக் கண்ணிமை போலக் காத்து நிற்கும் ஏனாதி பூதனாகனுக்கு விடுக்கும் ஓலை. உமக்கும் உம் மனையோர்க்கும் உம் மதில்மேல் வெயிலிலும் பனியிலும் நிற்கும் வீரர்க்கும் நலம் உண்டாகுக.

இவ்வோலை உம்மை அடையுமுன் ஒரு பேச்சு உம் செவியை அடைந்திருக்கும். உம் தமக்கையும் எம் வேட்டைநாய்ப் படைத் தலைவியுமாகிய ஆளுடைநங்கை, வடகணவாய்க்கு அப்பாலுள்ள முகிற்கோட்டுப் படை மலைச்சரிவெங்கும் நின்று பார்த்திருக்க, பகைவர்க்கு முதுகைக் காட்டினாள் என்பதே அப்பேச்சு. அது பொய்யன்று. ஒருமுறைக்கு இருமுறை காட்டினாள். அதனை எண்ணுந்தோறும் எம் முன்னோர் வென்ற போர்கள் யாவும் எமக்குச் சிறியனவாகத் தோன்றுகின்றன. ஏன் என்பதைக் கேட்பீராக.

முகிற்கோட்டார் வழக்கம் நீர் அறிந்ததே. எனினும் இவ்வோலை உம் கோட்டை மன்றத்தில் அனைவர் முன்னும் படிக்கப்பட வேண்டியதாகலின் உரைக்கிறோம். அவர்கள் எழுதிய உடன்படிக்கையை நம்பார். வாயால் உரைத்த சூளுரையையும் நம்பார். மனிதன் சிரித்துக்கொண்டே பொய் சொல்வான், நாய்க்கு அது வராது என்பது அவர்கள் கொள்கை. ஆகவே இரு நாட்டு அரச வேட்டைநாய்களும் எல்லைக்கல்லின் அருகே முதன்முதலாக ஒன்றையொன்று காணவேண்டும். ஒத்துப்போனால் கணவாய் திறக்கும், கடித்துக்கொண்டால் மூடும்.

எம் தந்தை நாளில் அவ்வாறு கண்டபோது நிகழ்ந்ததை நினைவூட்டல் எமக்கு எளிதன்று. இரு புறத்தாரும் நாய்களைக் குறுங்கயிற்றில் இழுத்துப் பிடித்து, முகத்துக்கு முகம் கொணர்ந்து நிறுத்தினர். சூழ நின்றோர் ஆர்ப்பரித்தனர். மோந்து பார்க்கவும் இடமின்றி அவை பாய்ந்தன. ஒன்றன் செவி கிழிந்தது. அதன்பின் மூண்ட போரில்தான், அந்நாளில் படைத்தலைவராம் ஏனாதியாக இருந்த உம் தந்தையார் கணவாய் வாயிலில் மார்பில் வேலேற்று வீழ்ந்தார்.

இவ்வாண்டு முகிற்கோட்டு வேள் பெருங்கோடன் மீண்டும் நாய் கொணர்க என்று தூது விடுத்தபோது, தந்தையைக் கொன்றார் முன் தமக்கை நாய் பிடித்து நிற்பது எம் குடிக்கு இழுக்கு என்று நீர் எமக்கு உரைத்தனுப்பினீர். அதனை அவளிடமே சொன்னோம். அவள், தந்தையைக் கொன்றது அவர்கள் வேல்தான், ஆயினும் அந்த வேலை வரவழைத்தது இழுத்துப் பிடித்த ஒரு கயிறு என்றும், அக்கயிற்றை இம்முறை தான் பிடிக்க வேண்டும் என்றும் வேண்டினாள். இணங்கினோம்.

தூவி என்னும் வெண்ணிறப் பெண்நாயுடன் அவள் மலையடிவாரம் சென்று சேர்ந்தாள். வேள் பெருங்கோடன் உம் வயதொத்தவர். பேச்சில் சுருக்கமும் பார்வையில் நீளமும் உடையவர். தம் கருநாய் இடியனைத் தாமே பிடிப்பதாகவும், முன்னோர் செய்தபடியே எல்லைக்கல்லின் இருபுறமும் நாய்களை எதிரெதிரே நிறுத்துவதே முறை என்றும் அவர் உரைத்தார். ஆளுடைநங்கை மறுத்தாள்.

"வேளே, நாய்கள் காணவேண்டும் என்றுதான் உங்கள் வழக்கம் சொல்கிறது. எப்படிக் காணவேண்டும் என்று அது சொல்லவில்லை. உங்கள் ஊர்ச் சந்தையில் கயிறு இல்லாத இரண்டு நாய்கள் சந்திப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றுக்கொன்று நேரேயா வருகின்றன?"

வேள் தம் தாடியைத் தடவிச் சிறிது எண்ணினார். "இல்லை. வளைந்து வரும். பக்கமாக நின்று பின்புறத்தை மோக்கும்," என்றார். அவர் வேட்டுவர்கள் நகைத்தனர், அவரும் நகைத்தார்.

நேரே நடந்து வருவதும் கண்ணைக் கண்ணால் பிடிப்பதும் நாய்மொழியில் சண்டைக்கு அழைப்பது என்று அவள் விளக்கினாள். கயிற்றை இழுத்தால் நாயின் மார்பு தானே நிமிர்கிறது; அது சண்டைக்கு நிற்பதாகவே எதிர்நாய் கொள்கிறது. பிடித்தவன் அஞ்சுகிறான் என்பதும் கயிற்றின் வழியே நாய்க்குத் தெரிந்துவிடுகிறது. ஆகையால் எல்லைக்கல்லை அடுத்த ஆற்றங்கரைப் புல்வெளியில் இரு நாய்களும் தொலைவிட்டு ஒரே திசையில் நடக்கட்டும், நடக்க நடக்க இடைவெளி குறையட்டும், நாய் விறைத்தால் திரும்பி விலகித் தொலைவிலிருந்தே மீண்டும் தொடங்கலாம் என்றாள்.

"நாய் உறுமினால்?" என்று வேள் வினவினார்.

"உறுமல் வசை அன்று. எட்டி நில் என்று சொல்வது. சொன்னதற்காக அடித்தால், அடுத்தமுறை சொல்லாமலே கடிக்கும்."

வேள் இணங்கினார். ஆயின் அவள் பின்வாங்கினால் பொழிற்கரையே பின்வாங்கியது என்று தம் படை கொள்ளும், அதனைத் தம்மால் தடுக்க இயலாது என்றும் மறையாது சொன்னார். கொள்ளட்டும் என்றாள் உம் தமக்கை.

மறுநாள் காலை, பனி விலகியபின், நுரையாற்றுப் புல்வெளியில் நடை தொடங்கிற்று. ஒருபுறம் எம் படை, மறுபுறம் சரிவு நிறைய அவர்கள் வில்லாளர். தூவியின் கயிறு அவள் கையில் தொட்டில் போலத் தொங்கிற்று. நெடுந்தொலைவில், அதே திசையில், வேள் இடியனோடு நடந்தார். சற்று நெருங்கியதும் இடியன் தூவியைக் கண்டது. கண்டதும் நின்றது. வாய் மூடிற்று, செவி முன்னே குத்திட்டது, வால் வேல்போல் விறைத்தது, கழுத்திலிருந்து வாலடி வரை மயிர் எழுந்தது. வேளின் கை தானறியாமல் கயிற்றை முட்டியில் சுற்றியது. அது சுற்றியதும் இடியன் முன்கால் தூக்கிக் குரைத்தது.

ஆளுடைநங்கை முன்னேறவில்லை. "தூவி, வா," என்று, வீட்டு முற்றத்தில் அழைப்பது போல அழைத்து, திரும்பி, வந்த வழியே நடந்தாள்.

மலைமேல் முரசு அதிர்ந்தது. முகிற்கோட்டார் கூவி நகைத்தனர். எம் அணியில் நின்ற தண்டநாயகர் செங்கண்ணனார், ஏனாதியின் மகளா இவள் என்று உரக்கவே சொன்னார். தாம் சொன்னதை அவரே எம்மிடம் வந்து உரைத்தார். அச்சொல் அவள் செவியில் விழுந்தது. அப்போது தன் முதுகு முழுதும் எரிந்தது என்றும், மார்பில் புண்ணேற்ற தந்தையின் மகள் முதுகைக் காட்டுகிறாளே என்று தன் நெஞ்சே தன்னை ஏசிற்று என்றும், திரும்பி நின்றுவிடலாமா என்று கால்கள் கேட்டன என்றும் அவள் எம் அவையில் சொன்னாள். ஆனால் அந்தச் சினம் கைக்கு வந்தால் கயிற்றுக்கு வரும், கயிற்றுக்கு வந்தால் தூவிக்கு வரும். ஆகவே மூச்சை நீள விட்டாள். மடியிலிருந்த கருவாட்டுத் துண்டொன்றை எடுத்துத் தூவிக்குக் கொடுத்தாள். மீண்டும் தொலைவிலிருந்தே நடையைத் தொடங்கினாள்.

இரண்டாம் முறை முன்னிலும் நெருங்க முடிந்தது. மீண்டும் இடியன் விறைத்தது, மீண்டும் அவள் திரும்பினாள், மீண்டும் முரசு.

ஆனால் நாய் பிடித்திருந்த வேள், முரசு கேட்டோர் காணாத ஒன்றைக் கண்டார். அவள் திரும்பும்போதெல்லாம் இடியனின் மயிர் படிந்தது. அது உடலை உதறிக்கொண்டு, தரையை மோந்து, இயல்பாக நடந்தது. மூன்றாம் முறை இடைவெளி இன்னும் குறைந்தபோது இடியனின் வால் மெல்ல விறைக்கத் தொடங்கிற்று. ஆளுடைநங்கை திரும்புமுன் வேள் பெருங்கோடன் திரும்பினார். முட்டியில் சுற்றிய கயிற்றை அவிழ்த்துத் தளரவிட்டு, தம் நாயை அழைத்துக்கொண்டு, தம் படையும் எம் படையும் பார்த்திருக்க, எம் நாட்டுக்கு முதுகைக் காட்டி நடந்தார். முரசு நின்றது. நகைத்த எம்மவரைச் செங்கண்ணனார் கையுயர்த்தி அடக்கினார். பூதனாகரே, அந்த நன்மையையும் நீர் அறிய வேண்டும்.

அதன்பின் நாய்கள் அருகருகே நடந்தன. வெயில் ஏறியபோது ஆளுடைநங்கை தலையசைத்தாள். இருவரும் கயிற்றை நீளவிட்டனர். தூவி பிறைபோல் வளைந்து சென்று பக்கம் நின்றது. இடியன் மோந்தது, தூவியும் மோந்தது. "போதும், வா," என்று அவள் அழைக்க, வேளும் அழைக்க, இரண்டும் வந்தன. முதல் சந்திப்பு நீளக் கூடாது, இனிதாக இருக்கும்போதே முடியவேண்டும் என்று அவள் முன்னரே சொல்லி வைத்திருந்தாள்.

அடுத்த முறை தூவி மிக நெருங்கி, இடியனின் கழுத்தின்மேல் முகவாய் வைத்தது. இடியன் அடித்தொண்டையில் உறுமிற்று. இரு படையும் ஆயுதத்தைப் பற்றின. முகிற்கோட்டு வேட்டுவன் ஒருவன் இடியனை அடக்கக் கோலோங்கி ஓடி வந்தான். வேள் அக்கோலைத் தம் வெறுங்கையால் பற்றினார். "அது பேசுகிறது. பேசவிடு," என்றார்.

தூவி கேட்டது. முகத்தை அப்பால் திருப்பி, நாவால் மூக்கை நக்கி, இரண்டடி விலகி, புல்லை மோந்தது. இடியன் உறுமலை விட்டது. ஆற்றின் ஓசையன்றி வேறோசை இல்லை. பின்னர் அக்கருநாய் முன்கால்களை நீட்டி மார்பைத் தரையில் தாழ்த்தி, பின்புறம் தூக்கி, வாலை ஆட்டி ஆடலுக்கு அழைத்தது. அவை இரண்டும் புல்வெளியில் ஓடிய ஓட்டத்தைக் கண்டு வில்லாளர் வில்லைத் தரையில் வைத்துவிட்டு அமர்ந்தனர்.

வேள், அன்று தம் தந்தையார் கயிறு பிடித்தபோது தாம் அவர் அருகே நின்றதாகவும், அந்தக் கை நடுங்கியதைக் கண்டும் எவரிடமும் சொல்லவில்லை என்றும் ஆளுடைநங்கையிடம் உரைத்தார். அவள் தன் தந்தை வீழ்ந்த இடத்தைக் காட்டுமாறு கேட்டாள். அவரே உடன் சென்று காட்டினார். அங்கே அவர்கள் நட்ட கல் ஒன்று இருக்கிறது. பகைவனாயினும் புறங்காட்டாதவன் என்று அதில் பொறித்து, ஆண்டுதோறும் பூவிட்டு வருகின்றனர். இதனை நாம் இதுவரை அறியோம்.

கணவாய் திறந்தது. வேள் எம்மிடம் முதலில் வேண்டியது, நடை முடிந்தபின் ஆளுடைநங்கை கொடுக்க இடியன் விரும்பித் தின்ற அந்தக் கருவாட்டில் ஒரு பொதி. அனுப்பினோம்.

இனி எம் ஆணை. வரும் முழுநிலவு நாள்முதல் முகிற்கோட்டார் தம் நாய்களோடு உம் கோட்டை வழியே சந்தைக்கு வருவர். உம் காவல்நாய்களைக் குறுகிய வாயிலில் அவற்றின் எதிரே நிறுத்தற்க. அகன்ற வெளிக்குக் கொண்டு சென்று உடன் நடத்துக. கயிறு தளர்ந்திருக்கட்டும். விறைக்கும் நாயை விலக்கிச் செல்க. உறுமும் நாயை அடிப்பவன் எவனாயினும் அன்றே காவலினின்று நீக்கப்படுவான். அயல்நாயை அணுகுமுன் அதன் உடையவனைக் கேட்டல் வேண்டும். அவன் வேண்டா என்றால் வழிவிட்டு ஒதுங்குக. ஒதுங்குதல் இந்நாட்டில் இனி இழிவன்று. இது கோட்டைக்கும் அங்காடிக்கும் அரண்மனைக்கும் ஒக்கும்.

அம்முழுநிலவு நாளில் ஆளுடைநங்கையும் உம்மிடம் வருகிறாள். உம் தந்தையாரின் கல்லுக்கு உம்மை அழைத்துச் செல்வது அவள் விருப்பம், மறுக்கற்க. அவள் எம் அவைக்குள் நுழைந்தபோது, தூதர்க்கும் வேந்தர்க்கும் எழாத இவ்வரியணையிலிருந்து யாம் எழுந்து நின்றோம். எம்மோடு அவை முழுதும் எழுந்தது. செங்கண்ணனார் எல்லாரினும் முன் எழுந்தார்.

அலையேறு முத்திரை இட்டு, ஓலைநாயகம் வெண்ணாவல் சாத்தன் கையெழுத்தால், எம் வாய்மொழியாக விடுத்தோம். படித்தபின் மன்றத்தில் வைக்க. அவள் உம் வாயிலை அடையும்போது நீரும் எழுந்து நிற்க.