பின்பாரம்

பிப்ரவரி, கடைசி வெள்ளி

என் கண்ணே இல்ஹாமி,

முதலில் ஸலாம். உன் இரண்டு கண்களிலும் முத்தம். மருமகள் நெஜ்லாவுக்கும் குழந்தைக்கும் முத்தம். நான் உயிரோடு இருக்கிறேன். அதற்கு மேல் கேட்காதே.

ஊர்த்தலைவர் வீட்டு டெலிபோனில் பேசலாம் என்றுதான் போனேன். அவர் பெண்டாட்டி பின்னலை எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள். நான் சொல்லப்போகிற விஷயம் ஊர்க் காதுக்கு ஆகாது. அதனால் எழுதுகிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. தப்பு இருந்தால் சரிபண்ணிப் படித்துக்கொள்.

ஜனாஸாவுக்கு நீ வர முடியாமல் போனதை யாரும் குறையாகப் பேசவில்லை. நீ பஸ்ஸில் இஸ்மீர் போய்ச் சேரும்போது இங்கே கணவாயைப் பனி மூடிவிட்டது. உன் அப்பாவை வைத்துக்கொண்டு எத்தனை நேரம் காத்திருக்க முடியும். குழி வெட்ட, உறைந்த நிலத்தின்மேல் நெருப்புப் போட்டு இளக்கினார்கள். அக்கம்பக்கத்தார் ஒரு வாரம் என்னை அடுப்பு மூட்ட விடவில்லை. அவர் செருப்பை வழக்கப்படி வாசலில் வைத்தேன். காலையில் இல்லை. யாரோ இல்லாதவன் எடுத்துப் போயிருப்பான், போட்டுக்கொள்ளட்டும். அது நானாகக் கொடுத்தது. நான் சொல்ல வந்தது நாம் கொடுக்காமலே காணாமல் போன ஒன்றைப் பற்றி.

நம் ஷாஹின் காரைப் பக்கத்து வீட்டு தாஜெத்தின் தன் டிராக்டரில் கட்டி இழுத்துவந்து கொட்டகைக்குள் விட்டான். இடப்பக்கம் நசுங்கியிருக்கிறது. நான் ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு போய்ப் பின்பெட்டியைத் திறந்தேன். காலி. ஸ்பேர் சக்கரம் மட்டும் இருந்தது. நான்கு மணல் மூட்டையும் இல்லை.

உன் அப்பா முதல் பனி விழும் முன்பே அந்த மூட்டைகளை ஏற்றிவிடுவார், பனி உருகும்வரை இறக்கமாட்டார். பின்சக்கரம்தான் அந்த வண்டியைத் தள்ளுகிறது, பின்னால் பாரம் இல்லாவிட்டால் அது பனியில் ஆடு மாதிரி துள்ளும் என்று அவரே எத்தனை முறை சொல்லியிருக்கிறார். இந்தப் பெருநாளுக்கு வந்தபோது விருந்தில் நீ அவரைக் கேலி செய்தாயே, ஞாபகம் இருக்கிறதா? "இப்பல்லாம் முன்சக்கரம் இழுக்குற வண்டிப்பா. என் வண்டியில பின்னாடி பாரம் ஏத்தினா முன்னாடி தூக்கிக்கும். நீங்க ஏன் மண்ணைச் சுமந்துக்கிட்டு ஊர் சுத்துறீங்க, பெட்ரோல்தான் தண்டம்" என்றாய். அவர் சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு டீயைக் குடித்தபடியே, "உன் கழுதை முன்னங்காலால நடக்குது, என் கழுதை பின்னங்காலால நடக்குது. அவனவன் கழுதைக்கு அவனவன் பாரம்" என்றார். நீ கூட சிரித்தாய்.

உன்னை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போதுதான் ஓநாய் வளைவில் வண்டியின் பின்பக்கம் வீசிப் பள்ளத்தில் போனது. போலீஸ்காரர்கள் வேகம் என்று எழுதிவிட்டார்கள். உன் அப்பாவா வேகம்? ரோட்டில் கோழி நின்றால் இறங்கிப்போய் வழி கேட்கிற மனிதர்.

மூட்டையை எடுத்தது யார்? நான் தாஜெத்தினைத்தான் நினைக்கிறேன். புல்வெளித் தகராறு நடந்ததிலிருந்து அவன் உன் அப்பாவோடு சரியாகப் பேசியதில்லை. அவனிடமும் ஷாஹின் இருக்கிறது. போன வருஷம்வரை வண்டி நம் மேட்டில் ஏறமுடியாமல் திணற, அவன் பிள்ளைகள் பின்பெட்டிமேல் ஏறி உட்காருவார்கள். இந்த வருஷம் ஒருவரும் உட்காரக் காணோம், வண்டி தானாக ஏறுகிறது. பெருநாள் சமயம் நம் கொட்டகைக் கதவு பூட்டியிருக்கவில்லை. ராத்திரியில் எடுத்திருந்தால் யாருக்குத் தெரியும்?

அதனால் உன்னிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். கிளம்புகிற அன்று உன் அப்பா வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தார், நான் உள்ளே உனக்கு ரொட்டி கட்டிக்கொண்டிருந்தேன். உருளைக்கிழங்கையும் பாலாடைக்கட்டி டின்னையும் வண்டியில் ஏற்றியது நீதான். பின்பெட்டியைத் திறந்தபோது மூட்டைகள் உள்ளே இருந்தனவா? பழைய மாவு சாக்கு, சிவப்புக் கம்பளி நூலால் நான் தைத்தது. இருந்தது, இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. அவனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பசு சினையாக இருக்கிறது. வண்டியின் பேட்டரியைக் கழற்றி அடுப்புப் பக்கம் வைத்திருக்கிறேன், கடுங்குளிர் ராத்திரிகளில் அது செத்துவிடாமல் அவர் வைப்பது மாதிரி.

அல்லாஹ் உன்னைக் காப்பானாக.

உன் அம்மா
ஸெர்னிஷான்


மார்ச் கடைசி

மகனே இல்ஹாமி,

ஸலாம். கண்களில் முத்தம். உன் கடிதமும் மணியார்டரும் குழந்தையின் போட்டோவும் வந்தன. பல் முளைத்திருக்கிறதே, மாஷா அல்லாஹ். கண் பட்டுவிடும், நீலமணி குத்திவிடச் சொல் நெஜ்லாவை.

கடிதத்தை மூன்று முறை படித்தேன். பசு எப்போது ஈனும் என்று கேட்டிருக்கிறாய். கூரைப் பனியை யார் தள்ளுகிறார்கள் என்று கேட்டிருக்கிறாய். முழங்கால் வலிக்குக்கூட மருந்துப் பெயர் எழுதியிருக்கிறாய். நான் கேட்ட ஒன்றுக்கு மட்டும் பதில் இல்லை. ஒரு பக்கம் தொலைந்துவிட்டதோ என்று உறையைக் கிழித்துக்கூடப் பார்த்தேன்.

நாற்பதாம் நாள் ஓதுதல் நல்லபடியாக முடிந்தது. லீவு கிடைக்கவில்லை என்று நீ ஊர்த்தலைவரிடம் சொன்னாயாம், அவர் வந்து சொன்னார். பெரியப்பா முகம் சுளித்தார். நான், புது வேலை, முதலாளி கெட்டவன் என்றேன். உன் முதலாளியை நான் பார்த்ததில்லை, மன்னிக்கட்டும்.

அன்றைக்கு ஒரு காரியம் செய்துவிட்டேன். எல்லோரும் உள்ளே அல்வா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தாஜெத்தினின் வண்டி வாசலில் நின்றது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் வெளியே போய் அவன் பின்பெட்டியைத் திறந்துவிட்டேன். உள்ளே மூட்டைகள். இழுத்துப் பார்த்தால் உர மூட்டைப் பை, பிளாஸ்டிக். உள்ளே ஆற்று ஜல்லி. நம்முடையது இல்லை.

திரும்பினால் அவன் பெண்டாட்டி ஸஃபியே நிற்கிறாள். கையில் காலி டீத் தட்டு. "என்ன அக்கா, எங்க வண்டியில உன் புருஷனைத் தேடுறியா?" என்றாள். எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "என் புருஷனைக் கொன்ன மூட்டையைத் தேடுறேன்" என்றேன். அவள் தட்டைப் பனியில் போட்டுவிட்டாள். "அட அல்லாஹ்வே! என் வீட்டுக்காரர் இடுப்பளவு பனியில இறங்கி உன் ஆளைத் தோள்ல தூக்கிட்டு வந்தார். இப்பவும் முதுகு நிமிரல. எங்களையா சொல்றே? ஏன் அக்கா, புது பேட்டரியை அப்படியே விட்டுட்டு மண்ணைத் திருடிட்டுப் போற திருடனை எந்த ஊர்ல பார்த்தே?" என்றாள்.

தாஜெத்தின் வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தான். "விடுடி, துக்க வீடு" என்றான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் அதையும் சந்தேகமாகத்தான் பார்த்தேன். இப்போது படுத்தால் அந்தப் பேட்டரிப் பேச்சுதான் காதில் நிற்கிறது.

திருடன் இல்லையென்றால் மூட்டைகள் எங்கே? கொட்டகை முழுக்கத் தேடினேன். வைக்கோலைப் புரட்டினேன். வெளியே ஆள் உயரப் பனி, அதற்குள் என்ன இருக்கிறதென்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

நீ பார்க்கவே இல்லையென்றால் பார்க்கவில்லை என்றாவது எழுது. போனில் கூப்பிட்டாலும் சரி, ஊர்த்தலைவர் பெண்டாட்டி பின்னிக்கொண்டே கேட்கட்டும். நெஜ்லா கூப்பிடுகிறாள், குழந்தை கூப்பிடுகிறது, நீ மட்டும் எப்போதும் கடையில் இருக்கிறாய். உன் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

அம்மா


ஏப்ரல், பசு ஈன்ற வாரம்

என் கண்மணி இல்ஹாமி,

ஸலாம். முத்தம். பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, நெற்றியில் வெள்ளை. சீம்பாலைப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தேன். முதல் செம்பை தாஜெத்தின் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அதை ஏன் சொல்கிறேன் என்று கேள்.

பனி உருக ஆரம்பித்துவிட்டது. வாசலெல்லாம் சேறு. வரட்டிப் போரின் பின்னால் இருந்த குவியல் ஒவ்வொரு நாளும் இறங்கிக்கொண்டே வந்தது. திங்கட்கிழமை அதில் ஒரு சிவப்பு நூல் தெரிந்தது. கையால் தோண்டினேன். நான்கு மூட்டையும் அங்கேயே இருந்தன. தூக்கி எறியவில்லை, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக ஒழுங்காக வைத்திருந்தது.

ஆனால் வெறும் தரையில் வைத்திருந்தது, மகனே. உன் அப்பா ஒருநாளும் அப்படி வைக்கமாட்டார். மணல் மூட்டையைப் பலகைமேல்தான் வைப்பார். தரையில் வைத்தால் ஈரம் ஏறி உறைந்து, கடப்பாரை போட்டாலும் பெயராது. இங்கே சின்னக் குழந்தைக்கும் அது தெரியும். பனியே விழாத ஊரில் பல வருஷம் இருந்து மறந்துபோன ஒருவர்தான் அப்படி வைப்பார். உன் அப்பா திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் வைத்திருப்பார். வயதான மனிதர் வீணாக மண்ணைச் சுமக்கிறாரே என்று நல்லெண்ணத்தில் இறக்கியிருப்பார். அந்த இடத்தில் உருளைக்கிழங்கு ஏறியிருக்கும், போகும்போது வண்டிக்குப் பாரம் இருந்திருக்கும், திரும்பும்போதுதான் காலி. அன்று ராத்திரி விழுந்த பனி எல்லாவற்றையும் மூடிவிட்டது. அவ்வளவுதான்.

அன்றைக்கு நான் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் மினிபஸ் ஏறி எர்ஸுரும் பஸ் நிலையத்துக்குப் போனேன். உன் அப்பா எப்போதும் டீ குடிக்கிற கடை, நொண்டி வாஸ்ஃபியின் கடை. எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. கேட்டவுடன் அவன் அழுதுவிட்டான். உன் பஸ் கிளம்பின பிறகு உன் அப்பா சர்க்கரை வாங்கிக்கொண்டு போய்ப் பின்பெட்டியைத் திறந்தாராம். பிறகு ஒரே சிரிப்பாம். "வாஸ்ஃபி, இங்க வந்து பாரு. எங்க வீட்டு இஸ்மீர்க்காரன் என் கழுதையோட பின்னங்காலை ஒடிச்சுட்டுப் போயிட்டான்" என்றாராம். வாஸ்ஃபி, "நுஸ்ரெத் அண்ணே, ரெண்டு மூட்டை நிலக்கரி தர்றேன், போட்டுட்டுப் போங்க" என்றானாம். "போடா, வெயில் அடிக்குது, மெதுவா போயிக்கிறேன். கரி பட்டா ஸெர்னிஷான் என் தலையில அடிப்பா" என்றாராம். கிளம்பும்போது கண்ணாடியை இறக்கி, "பையன் போன்ல கூப்பிட்டா நீ எதுவும் உளறாதே. நடுங்கிப் போயிடுவான்" என்றும் சொன்னாராம்.

ஆக அவருக்குத் தெரியும். தெரிந்துதான் ஏறி உட்கார்ந்தார். கரி கொடுத்தும் வேண்டாம் என்றார். இதை நீ மறுபடியும் மறுபடியும் படி. அவர் கோபித்துக்கொண்டு போகவில்லை. சிரித்துக்கொண்டு போனார். அந்தப் பிடிவாதம் அவருடையது, வேறு யாருடையதும் இல்லை.

திரும்பி வந்து சீம்பாலோடு ஸஃபியே வீட்டுக் கதவைத் தட்டினேன். அவளே வந்து திறந்தாள். நான், "மூட்டை கிடைச்சிருச்சு. அவரே இறக்கி வெச்சிருக்கார், மறதி. என் வாயை மன்னிச்சுரு" என்றேன். "உன் ஆளா? பனிக்காலத்துலயா மூட்டையை இறக்கினார்?" என்று என் முகத்தையே பார்த்தாள். அவள் மக்கு இல்லை. நானும் கண்ணை எடுக்கவில்லை. "அவரேதான்" என்றேன். பிறகு அவள், "உள்ள வா அக்கா, அடுப்புச் சூடெல்லாம் வெளிய போகுது" என்று என் கையிலிருந்த செம்பை வாங்கிக்கொண்டாள். பெரியப்பாவிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். வாஸ்ஃபி வாயைத் திறக்கமாட்டான், ஆணையிட்டுக் கொடுத்திருக்கிறான். ஊரில் பேச்சு அதோடு முடிந்தது.

முதல் இரண்டு கடிதத்திலும் நான் கேட்டதற்கு நீ பதில் எழுத வேண்டாம். அந்தக் கடிதங்களை அடுப்பில் போட்டுவிடு. இதையும் போட்டுவிடு.

பேட்டரியை இன்னும் அடுப்புப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். அதை எடுத்து எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை, ஆண்பிள்ளை பார்த்துச் செய்கிற வேலை. அவருடைய கருப்புத் தஸ்பீஹ் மணியும் உனக்காக இருக்கிறது. தபாலில் அனுப்பமாட்டேன். கையில்தான் கொடுப்பேன்.

கணவாய் திறந்துவிட்டது. ரோடு கறுப்பாக, காய்ந்து கிடக்கிறதாம், மினிபஸ்காரன் சொன்னான். நீ வரவில்லையென்றால் நான் அவர் ஒருவரை மட்டும் புதைத்ததாக ஆகாது, உன்னையும் சேர்த்துத்தான்.

மூட்டைகளின் சிவப்பு நூலைப் பிரித்து, அந்த மணலை எல்லாம் வாசல் கேட்டிலிருந்து வீட்டுப் படிவரை கொட்டிப் பரப்பிவிட்டேன். சேறு அதிகம், நீ நகரத்துச் செருப்போடு வருவாய். இனி வழுக்காது. நேராக நடந்து வா.

இரண்டு கண்களிலும் முத்தம். அல்லாஹ் உன் வழியை வெளிச்சமாக்குவானாக.

உன் அம்மா
ஸெர்னிஷான்