ஏழு மணி மேடு

என் அன்பு அண்ணைக்கு,

உங்கள் பெட்டி ஏழு மணிக்கு ஏன் ஆடுகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா? ஒரு மாதமாக இந்தக் கேள்வியோடு இருக்கிறேன். கொப்பிகளைப் புரட்டினேன், அண்ணியைக் கேட்டேன். விடை என்னிடம் இல்லை.

முதலில் செய்தியைச் சொல்கிறேன். வீடு விற்றாகிவிட்டது. நாளை சனிக்கிழமை சாவியைக் கொடுக்க வேண்டும். அண்ணி இரண்டு நாள் என்னோடு இருந்துவிட்டு, ரொறன்ரோவில் மகளிடம் போகிறா. இல்-பிசார் தீவிலுள்ள உங்கள் வீட்டின் பேஸ்மென்டில் இப்போது மிச்சமிருப்பது மாதா சுரூபமும், அதன் கீழ்த் தட்டில் உங்கள் பெட்டியும்தான். பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. உங்களை அடக்கம் செய்த அன்றும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அது என்னவென்று அண்ணி போன வாரம்தான் முதன்முதலாகக் கேட்டா. "ஆறு வருசமா அதுக்குப் பக்கத்திலை முழங்காலிலை நிக்கிறன், என்ன சாமானெண்டு தெரியாது." உள்ளே ஒரு கிறிஸ்டல் இருக்கிறது, அது வினாடிக்கு ஒரு கோடித் தடவை துடிக்கும், என் மேசையிலுள்ள கருவிகள் எல்லாம் அந்தத் துடிப்பை வைத்துத்தான் தங்களைச் சரிபார்க்க வேண்டும் என்றேன். சூடு மாறினால் துடிப்பும் மாறும். அதனால் கிறிஸ்டலைச் சுற்றி ஒரு சின்ன அடுப்பு எந்நேரமும் ஒரே சூட்டில் இருக்கும். அணைத்தால் பழைய இடத்துக்கு வர வாரக்கணக்காகும், சிலவேளை அச்சொட்டாக வராமலும் போகும்.

"அப்ப என்னைவிட அதைத்தான் நல்லாப் பாத்தவர்" என்றா அண்ணி.

சென்ட் லோரன்டில் விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் மற்றவர்களின் அளவுகருவிகளைச் சரிபார்ப்பதுதான் உங்கள் வேலை. அந்த வேலை முடிந்து வந்து, தங்கச்சி என் வீட்டு ஆய்வுகூடத்துக்கென்று இதைச் செய்தீர்கள். "உனக்கெண்டுதான் செய்யிறன் பிள்ளை. ஆனா இப்ப தரமாட்டன். கிறிஸ்டலுக்கு வயசு போகவேணும், அப்பதான் அடங்கும்" என்றீர்கள்.

நான் என்ன செய்தேன்? சந்தேகப்பட்டேன். அதை வானிலிருந்து செய்மதி அனுப்பும் நேரத்தோடு ஒப்பிட்டு நீங்கள் அனுப்பிய வரைபடக் கோடுகளில் மாலை ஏழு மணிக்கு ஒரு மேடு இருந்தது. கொஞ்ச நேரம் ஏறும், பேந்து இறங்கும். அடுத்த நாளும் அதே ஏழு மணி.

"அண்ணை, உங்கட பெட்டிக்கு ஏழு மணிக் காய்ச்சல்."

"காய்ச்சலெண்டால் மாறிப்போகும்தானே, பிள்ளை."

"இதை நம்பி நான் ஒண்டையும் அளக்கேலாது. எனக்கு வேண்டாம்."

"சரி. இருக்கட்டும்."

அவ்வளவுதான் பேச்சு. அதன்பிறகு நீங்கள் கோடு அனுப்பவில்லை. நான் கடையில் ஒன்று வாங்கினேன். அதை உங்களிடம் சொல்லவில்லை. அது உங்களுடையதைவிட மோசம் என்பதையும் சொல்லவில்லை.

பெட்டிக்குள் இருக்கும் அடுப்பு பழுது என்று முடிவு கட்டியிருந்தேன். கோடையில் அந்த மேடு காணாமல் போனபோதுகூட, பழுதான அடுப்பு குளிர் காலத்தில்தானே தடுமாறும் என்று அதையும் என் பக்கத்துக்கு வளைத்துக்கொண்டேன். டவுன்டவுனில் பல்கலைக்கழகம் போய்ப் படித்தவள் அல்லவா, விளக்கத்துக்கு என்ன குறை?

ஒன்றை மட்டும் செய்யவில்லை. ஏழு மணிக்கு அந்த அறையில் இருந்து பார்க்கவில்லை. சனிக்கிழமைகளில் வருவேன், அண்ணியின் தேத்தண்ணியைக் குடிப்பேன், ஆறரைக்குக் கிளம்பிவிடுவேன். ஏழு மணிக்கு உங்கள் வீட்டில் செபமாலை. நான் செபத்தை விட்டுக் கன காலம். இருந்துவிட்டுப் போ என்று நீங்களும் ஒருநாளும் சொன்னதில்லை.

உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவுச் செபத்தன்று மட்டும் கிளம்ப முடியவில்லை. எல்லோரோடும் கீழே இறங்கி முழங்காலில் நின்றேன். பெட்டியின் திரை என் கண்ணுக்கு நேரே இருந்தது. அண்ணி குனிந்து, சுவரோரமாக இருந்த ஹீற்றரின் குமிழைக் கடைசிவரை திருப்பினா. அதற்கு நேர் மேலேதான் பெட்டி. செபமாலை பாதிகூடப் போகவில்லை, கடைசி இலக்கம் ஏறத் தொடங்கிவிட்டது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"என்ன தங்கச்சி, செபத்துக்குள்ளை சிரிக்கிறாய்?"

"இந்த ஹீற்றரை ஒவ்வொரு நாளும் போடுறனீங்களோ, அண்ணி?"

"சீமெந்து நிலம், முழங்கால் விறைக்குமெல்லோ. அவர்தான் போடச் சொன்னவர். ஞாயிற்றுக்கிழமையிலை மட்டும் போடுறேல்லை, அண்டைக்குக் கோயிலிலை பின்னேரப் பூசைதானே. இப்ப மன்றாடு."

பிறகு உங்கள் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். குளிர் காலத்து ஞாயிறுகள் எல்லாவற்றுக்கும் நேரே உங்கள் சாய்ந்த எழுத்தில், "மேடு இல்லை." அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை. தெரிந்து எழுதினீர்களா? கண்டதை மட்டும் எழுதினீர்களா? பெட்டியை ஏன் நகர்த்தவில்லை என்று கேட்கமாட்டேன். அசைத்தால் கிறிஸ்டல் குழம்பும், முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்பீர்கள். ஆனால் காரணம் தெரிந்திருந்தால் எனக்கு ஒரு வசனம் சொல்லியிருக்கலாமே? சொல்லியிருந்தால் நான் ஹீற்றரை நிற்பாட்டச் சொல்லியிருப்பேன். நிச்சயமாகச் சொல்லியிருப்பேன். அதற்காகவா பேசாமல் இருந்தீர்கள்? இல்லை, என் மனதுக்கு ஏற்றபடி ஒரு அண்ணையை நானே செய்துகொள்கிறேனா? ஞாயிற்றுக்கிழமைக் குறிப்புகள் சான்று ஆகா.

ஒன்று மட்டும் தெரியும். ஹீற்றருக்கு மேலே வைத்தால் எந்தப் பெட்டியும் ஆடும். உங்கள் பெட்டியில் பிழை இல்லை. அதை வேண்டாம் என்றது பிழை.

இப்போது என் வீட்டில், மற்றக் கருவிகளுக்கெல்லாம் அளவுகோலாகும் நியம அதிர்வெண் கருவியை நானே கட்டுகிறேன். பல்கனியில் அன்ரெனா பூட்டியாகிவிட்டது. செய்மதி நேரத்தைப் பார்த்துக் கிறிஸ்டலை மெல்ல மெல்லத் திருத்தும் மின்சுற்றும் தயார். கடையில் வாங்கியதைக் கழற்றிவிட்டு, நடுவில் உங்கள் பெட்டிக்கு இடம் விட்டிருக்கிறேன். நாளை அதைக் கார்ப் பற்றறி ஒன்றில் ஓடவிட்டபடி போர்வையில் சுற்றி, அண்ணியின் மடியில் வைத்துக் கொண்டுவரப்போகிறேன்.

பெட்டியின் ஓட்டம் நிற்காமல் கொண்டுவருவேன் என்று சொல்லமாட்டேன். பனி உருகிய பிறகு தெருவெல்லாம் குழி. நின்றால், நின்றது என்று உங்கள் கொப்பியில் எழுதுவேன். எதையும் என் பக்கத்துக்கு வளைக்கமாட்டேன். இது வாக்கு.

ஞாயிறு காலை. நேற்று நடந்தது இது.

பாலத்தைக் கடந்து கொஞ்சத் தூரம் வந்திருப்போம்.

"தங்கச்சி, இது ஆறுது" என்றா அண்ணி.

"எது?"

"பெட்டிதான். மடியிலை இதமா இருந்தது, இப்ப சூடில்லை."

காரை ஓரமாக நிறுத்திப் பார்த்தேன். எந்தக் குழியிலோ பற்றறிக் கவ்வி கழன்றிருந்தது. மாட்டினேன், விளக்கு வந்தது. எவ்வளவு நேரம் நின்றது என்று சொல்ல, அண்ணியின் மடியைத் தவிர வேறு கருவி இல்லை.

வீட்டில் உள் அறை அலுமாரியில் வைப்பதாக இருந்தேன். அன்ரெனா வயர் அதுவரை எட்டவில்லை. அதனால் இப்போதைக்குப் பல்கனிக் கதவோரத் தட்டில் வைத்தேன். தட்டுக்குக் கீழே ஹீற்றர். மாலையில் அண்ணி மாதாவை அதே தட்டில் வைத்து, வெறும் தரையில் முழங்காலிட்டா. ஹீற்றரைப் போடச் சொல்லி என்னிடம் கேட்கவில்லை.

கொப்பியில் உங்கள் கடைசி வரிக்குக் கீழே எழுதியிருக்கிறேன்:

"சனி. பாலத்துக்குப் பிறகு நின்றது. எவ்வளவு நேரம், தெரியாது.
ஏழு மணி. ஹீற்றர் போட்டது நான்."

உங்கள் பெட்டியை வைத்திருக்கும்
தங்கச்சி