ஏணியில் வீசிய கச்சான் காற்று

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி குறைந்ததா? எழுத்து மாறியிருக்கிறதென்று பயப்பட வேண்டாம். நான் சொல்ல, அறைக் கூட்டாளி நுஸ்கி எழுதுகிறான்.

புதன்கிழமை இங்கே புக்கரெஸ்டில் ஒரு வீட்டுச் சுவரில், அறையைச் சூடாக்கும் ஃபேன் கொயில் பெட்டி பூட்டினேன். ஏணியில் நின்றபடியே போட்டுப் பார்த்தபோது முகத்தில் சுடச்சுட அடித்தது. நம்முடைய துறைமுகத்தடிக் கச்சான் காற்றேதான். கண்ணை மூடினேன், விழுந்துவிட்டேன். வலக்கையில் பிளாஸ்டர் போட்டிருக்கிறார்கள், வேறொன்றுமில்லை. சுகமாகும் வரை வேலையில்லை.

“உம்மாட்ட இதெல்லாம் கதைக்காதடா” என்கிறான் நுஸ்கி. ஆனாலும் எழுதுகிறான்.

ஊருக்கு வந்து திரும்பும் யாரிடமாவது பொத்தான் இல்லாத சட்டை இரண்டு கொடுத்துவிடுங்கள்.

நுஸ்கிக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. கீழே பெயரை மட்டும் இடக்கையால் நானே எழுதுகிறேன். கோணலைப் பார்த்து அழாதீர்கள். ஐந்து நாளாகப் பகலெல்லாம் தனியே இருந்து எழுதிப் பழகியது இவ்வளவுதான்.

ஹஸ்மி