கல்லில் ஒட்டிய ஈர அரிசி

அன்பு மகள் ஆஃபீஃபாவுக்கு அம்மா எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே பிஸ்கட்டவேயில் நானும் உன் அத்தாவும் சுகம், என் இருமலும் விட்டுவிட்டது. ஆஸ்டினில் வெயில் ஏறிவிட்டதாமே, பாறை பார்க்கப் போகும் நாட்களில் தண்ணீர் கூடுதலாக எடுத்துக்கொள். வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். ஒரு பார்சல் அனுப்புகிறேன், அதில் இருப்பதைப் பற்றி உட்கார்ந்துதான் எழுத முடிந்தது.

போன ஞாயிறு நாங்கள் இருவரும் ஒரு பழைய மாவு ஆலையைப் பார்க்கப் போனோம், ஒரு மணி நேர டிரைவ். மேட்டில் மரக் காற்றாலை, கீழே குளத்தை ஒட்டித் தண்ணீரில் ஓடும் ஆலை, இரண்டையும் அந்த ஊர்க்காரர்களே சேர்ந்து பராமரிக்கிறார்கள். அன்று காற்றே இல்லை, காற்றாலை சும்மா நின்றது. கீழே மடையைத் திறந்ததும் சக்கரம் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சுற்றியது, காலடிப் பலகையெல்லாம் அதிர்ந்தது. இரண்டு கல்லும் ஒன்றையொன்று தொடுவதில்லையாம், ஒரு காகிதம் நுழையும் இடைவெளியில்தான் மாவு அரைபடுகிறது.

அத்தா எனக்குச் சொல்லாமலே அவர்களுக்கு மெயில் போட்டு, வீட்டு தானியம் கொண்டுவர அனுமதி வாங்கியிருக்கிறார். சனிக்கிழமை இரண்டு கிலோ பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, ஹாலில் வேட்டி விரித்து உலர்த்தினார், நம் ஊர் மில்லுக்குக் கொண்டுபோகிற அதே ஈரப் பதத்தில். எதுக்குங்க இவ்வளவு என்றேன். இடியாப்பத்துக்கு, இருக்கட்டும் என்றார். நீ போன பிறகு இந்த வீட்டில் இடியாப்பம் அவித்ததே இல்லை.

ஆலைக்காரர் எழுபது வயது வெள்ளைக்காரர், நீங்களே கொட்டுங்கள் என்று ஏணியைக் காட்டினார். அத்தா ஏறி மரத்தொட்டியில் கொட்டினார். முதலில் ஒரு கப் மாவு விழுந்தது. பிறகு சத்தம் கம்மியது, மாவு நின்றது. ஆலைக்காரர் ஓடிப்போய் மடையை அடைத்தார். மேல்கல்லைத் தூக்கிப் பார்த்தால் அரிசி பசையாக அப்பிக்கிடக்கிறது. அங்கே காய்ந்த தானியம்தான் அரைப்பார்களாம், எங்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை. பார்க்க வந்த இருபது பேரும் கலைந்து போனார்கள். பார்மசியை விட்டு நீ நிலவியல் படிக்கப் போனதிலிருந்து, அவளா வந்து சாரி சொல்லட்டும் என்று ஏழு மாதமாக உன்னோடு பேசாத மனிதர், அந்த ஆலைக்காரரிடம் மூன்று முறை சாரி சொன்னார். அவரோ, அள்ளிப் பார்க்காமல் விட்டது என் தப்பும்தான் என்று சொல்லி ஒரு பிரஷ்ஷைக் கொடுத்தார். அஸர் தொழுகை நேரம்வரை இருவரும் தரையில் உட்கார்ந்து கல்லின் பள்ளங்களைச் சுரண்டினார்கள்.

திரும்பும் வழியில், டர்ன்பைக் நெடுஞ்சாலையில் பாதி தூரம் வந்ததும், கேக்காமலே கொட்டிட்டேன் மெஹர் என்றார் அத்தா. அரிசியத்தானே சொல்றீங்க என்றேன். அவளோட பார்மசி ஃபார்மையும் நான்தானே ஃபில் பண்ணினேன் என்றார். அந்த ஃபார்மைக் கையெழுத்துக்காக உன் முன்னால் நீட்டியது நான். நீ படித்துப் பார்க்கிறேன் என்றாய், நேரமாச்சு போடு என்றேன். பத்தொன்பது வயதில் கல்யாணம் பேசியபோது என்னிடமும் யாரும் கேட்கவில்லை, அதனால்தான் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை போலும். இதை உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

பெரிய பாக்கெட்டில் இருப்பது தொட்டியிலிருந்து திரும்ப அள்ளிவந்த மீதி அரிசி, வீட்டில் மிக்ஸியில் அரைத்து வறுத்துச் சலித்தது. வெந்நீர் கொதிக்கக் கொதிக்க ஊற்று, இல்லாவிட்டால் இடியாப்பம் விண்டுபோகும். சின்ன பாக்கெட்டில் இருப்பதுதான் கல்லிலிருந்து விழுந்த அந்த ஒரு கப். அதில் முன்னால் அரைத்த மக்காச்சோளமும் கலந்திருக்கிறது. கொரகொரப்பு, இடியாப்பத்துக்கு ஆகாது, புட்டுக்கு ஆகும். உடனே செய்துவிடு, தங்காது.

ஆலையில் நடந்ததை அவகிட்ட எழுதாத, சிரிப்பா என்றார் அத்தா. எழுதிவிட்டேன், சிரித்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை லுஹர் தொழுகைக்குப் பிறகு அவர் வீட்டில்தான் இருப்பார். அல்லாஹ் உனக்கு நல்ல உடம்பையும் படிப்பில் பரக்கத்தையும் தரட்டும், எங்கள் துஆ எப்போதும் உண்டு.

பெட்டியைக் கிழித்துப் போடுவதற்கு முன் மேலே எழுதியிருக்கும் முகவரியைப் பார். அத்தாவின் கையெழுத்து. உன் அபார்ட்மென்ட் நம்பரை அவர் என்னிடம் கேட்கவில்லை.

உன் அம்மா,
மெஹர் நிஷா