சிப்பியில் ஊற்றிய கொய்யா இலைச் சாறு

அத்தான்,

ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுடை எடுக்க வந்தேன். நீங்கள் அசந்து தூங்குவதால் எழுப்பவில்லை. நம் ஜெமிக்குப் பேதி நின்றுவிட்டது, காய்ச்சல்தான் இறங்கவில்லை. இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். கஞ்சி அடுப்படியில் மூடியிருக்கிறது. பைக் சாவி ஜன்னலில்.

நேற்று ஆஸ்பத்திரியில் எல்லார் முன்னாலும், "பிள்ளைக்கு வேகாத சிப்பியக் குடுத்தது நீங்கதானே!" என்று கத்திவிட்டேன். நீங்கள் உடனே படியிறங்கிப் போய்விட்டீர்கள்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எடுத்த கொய்யா இலைச் சாற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தது நான். "இதுல ஊற வெச்சா சிப்பியில உள்ள கிருமி ஒண்ணும் செய்யாது அத்தான்" என்று பெருமையடித்ததும் நான்தான். கிருமி பலவீனமாகும், ஆனால் சாகாது, நன்றாக வேகவைத்தே ஆகவேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. நீங்கள் என்னை நம்பித்தான் அரைவேக்காட்டில் இறக்கினீர்கள்.

இதை டாக்டரிடம் இன்றைக்கு நானே சொல்லிவிடுவேன். உங்கள் அம்மாவிடமும்.

ஷைஜா

பி.கு. பிரிட்ஜில் இருக்கும் மீதிச் சிப்பியைக் குழிதோண்டிப் புதைத்துவிடுங்கள். பூனைக்கும் போடவேண்டாம்.

இன்னொன்று. காலையில் கண் விழித்ததும் ஜெமி, "அப்பாக்கு எங்கிட்ட கோவமா, ஏன் வரல்ல?" என்று கேட்டாள். நீங்கள் வந்து அவள் பக்கத்தில் இருங்கள். நான் வெளியே பெஞ்சில் இருந்துகொள்கிறேன்.