பொலித்தீனுக்குள் அழுகிய லவெண்டர்

இன்று காலை வாசல் செடிகளை மூடியிருந்த பொலித்தீனைத் தூக்கியதும் அந்த நாற்றம் முகத்தில் அடித்தது. ஊறிப்போன சாக்கின் நாற்றம். உங்களுக்கு இது தெரியும். இந்த எல்லிங்ஸ்ருட் வீட்டுக்கு நாம் வந்த முதல் குளிர்காலம் முடிந்தபோது, இதே வாசலில் இதே நாற்றம்.

அன்று சுற்றிக் கட்டியவர் நீங்கள். "பிள்ளையளைப் போத்தின மாதிரித்தான் போத்தினனான். குளிருமல்லோ?" என்றீர்கள். லவெண்டரும், ஆட்டுச்செவி போல மெத்தென்ற வெள்ளி இலைச் செடிகளும் கறுத்துக் கூழாகிக் கிடந்தன. நீங்கள் மூட மறந்த ஒன்று மட்டும், படியோரச் சரளைக்கல்லில், பிழைத்து நின்றது.

"அதுகள் கம்பளி உடுத்துக்கொண்டு பிறந்ததுகள். குளிர் ஒண்டும் செய்யாது. ஈரம்தான் கொல்லுது" என்றேன்.

"நீர் படிச்ச மடத்துச் சிஸ்டர்மார் உமக்குப் பூங்கண்டின்ரை உடுப்பையும் படிப்பிச்சவையோ?"

சிரித்தாலும் அடுத்த முறை வேரடியில் சரளை கொட்டினீர்கள். தண்டுகளை வெட்டாமல் விட்டு, காற்றுப் போக இடம் வைத்து, ஊசியிலைக் கிளைகளைச் சாய்த்தீர்கள். பிறகு ஒரு செடிகூடச் சாகவில்லை.

அவ்வளவு கற்றுக்கொண்ட மனிதர், கடைசி நாளில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நம் மகனிடம் என்ன சொன்னீர்கள்? "அம்மாவைக் குளிரிலை தனிய விடாதை." பக்கத்து நாற்காலியில்தானே இருந்தேன். என்னிடம் ஒரு சொல் கேட்டீர்களா?

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, எனக்கு வந்த காய்ச்சல் விட்ட பிறகும் என்னைப் பியோர்ண்டாலில் தன் வீட்டிலேயே இருத்தி வைத்தான். யன்னல் திறக்கக்கூடாது. கோவிலுக்கு நடக்கக்கூடாது. அதற்கிடையில் இங்கே வந்து, செடிகளை ஒட்ட வெட்டி, பொலித்தீனால் இறுக்கிக் கட்டியிருக்கிறான். நேற்று, இந்த வீட்டை விற்போம் என்றும் சொன்னான்.

உடுப்பு எடுக்க இன்று என்னைக் கூட்டிவந்தவன், நான் கட்டுகளை அவிழ்ப்பதைக் கண்டு பதறினான்.

"அம்மா, விடுங்கோ! அப்பா சொன்னவர்..."

"அப்பா சொன்னது பிழை. குனிஞ்சு மணந்து பார்."

மணந்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தான்.

"இதுக்குள்ளை என்னையும் கட்டப் போறியோ?"

அவனைத் தனியே திருப்பி அனுப்பினேன்.

ஒரு லவெண்டரின் அடியில் இன்னும் பச்சை இருக்கிறது. உங்கள் தோட்டக் கையுறையை மாட்டிக்கொண்டு அதன்மேல் ஊசியிலைக் கிளை சாய்த்தேன். கையுறை எனக்குப் பெரிது. விரல் நுனிகளில் உங்கள் காலத்துப் பிசின் கட்டிப்போயிருக்கிறது. கழற்ற மனம் வரவில்லை.

உங்கள் மேலுள்ள கோபம் ஆறவில்லை. இந்தக் குளிருக்குக் கம்பளியாய் எனக்கு அது போதும்.