கலங்கிய தொட்டியில் ஒன்பது மீன்

9 நவம்பர், சனி

இன்று ஒன்பது வரை வந்துவிட்டார். ஒன்று விடாமல், வரிசை தப்பாமல்.

கணக்கு நோட்டில் மருந்துக்கு ஒரு கட்டம், பிரஷருக்கு ஒரு கட்டம், என் வீட்டுக்காரர் வாயிலிருந்து வரும் வார்த்தைக்கு ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். ஏப்ரலில் வலது பக்கம் வாதம் அடித்த நாளிலிருந்து கடைசிக் கட்டம் பூஜ்யமாகவே கிடந்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மாதான் வழி சொன்னார்கள்: "அவருக்குப் பிடிச்ச எதையாவது எண்ணச் சொல்லுங்க. மத்த பேச்சு வராட்டாலும் எண்ணிக்கை சில பேருக்கு வரும்."

அவருக்குப் பிடித்தது மீன்தான். சவுதியிலிருந்து வந்த வருஷமே கட்டிலுக்கு எதிரே வாங்கி வைத்த மூன்றடித் தொட்டி. அதில் ஒன்பது கோல்டு பிஷ். ஆகஸ்டில் "ஒண்ணு" வந்தது. இன்று ஒன்பது. அய்யா, எங்கள் சாமி, உமக்கு என்ன கைம்மாறு செய்வேன்.

10 நவம்பர், ஞாயிறு

வரும் வெள்ளிக்கிழமை அய்யாவைக் கும்பிடும் எங்கள் தாங்கலில் புனித ஏடு வாசிப்பு தொடங்குகிறது. வீடு முழுவதும் கழுவினேன். அய்யா சொல்படி துவையல் பந்தியில் தவசு இருந்தவர்கள் ஒரு நாளைக்கு மூன்று வேளை துவைத்துக் குளித்தார்கள் என்று படித்து வளர்ந்தவள் நான். அழுக்கைக் கண்டால் கை சும்மா இருக்காது.

தொட்டியையும் விடவில்லை. ஏழு மாதமாக இரண்டு வாளித் தண்ணீர் மாற்றியதோடு சரி. பில்ட்டர் ஸ்பாஞ்சு சாணி மாதிரி இருந்தது. சோப்புப் போட்டுப் பிழிந்தேன். கல்லையெல்லாம் பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்து வெயிலில் காயப்போட்டேன். பழைய தண்ணீர் ஒரு சொட்டு மிச்சமில்லை.

வேலை நடக்கும்போது இடது கையை ஆட்டி ஆட்டிச் சத்தம் போட்டார். மூத்திரம் என்று நினைத்துப் பாட்டிலைக் கொண்டுபோனேன். தட்டிவிட்டார். ஏன் இவ்வளவு கோபம்?

12 நவம்பர், செவ்வாய்

தொட்டி வெளுத்துக் கிடக்கிறது. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி. நாலு வரை எண்ணி நிறுத்திவிட்டார். கண் மங்கலுக்குள் தேடியது.

முழுதும் மாற்றினேன். ஸ்பாஞ்சை மறுபடி கழுவினேன்.

13 நவம்பர், புதன்

இன்னும் வெளுப்பு. மறுபடியும் மாற்றினேன். வார்த்தை: இரண்டு.

14 நவம்பர், வியாழன்

மருந்து வாங்கித் தர வந்த பக்கத்து வீட்டு எலிசா தொட்டியைப் பார்த்துவிட்டு, "என்னட்டி, மீனுக்குப் பாலு ஊத்தியா வளக்க?" என்றாள். சிரிப்பு வரவில்லை. அவளும் நிறுத்திக்கொண்டாள். "எங்க கெணறு கலங்குனா அம்மை தேத்தாங்கொட்டையை ஒரச்சு ஊத்துவா. ஒரச்சுப் பாரு மக்கா."

நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, உரைத்து ஊற்றினேன். சாயங்காலம் லேசாகத் தெளிந்தது. அவர் ஆறு எண்ணினார். உரைத்த கையின் வலி எனக்குத் தெரியவில்லை.

15 நவம்பர், வெள்ளி

விடிந்ததும் மறுபடி பால். ஒரு மீன் வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்தது.

அவர் விழிக்கும் முன் எடுத்துத் தென்னை மூட்டில் புதைத்தேன். எழுந்ததும் விரலால் தொட்டியைக் காட்டினார். "எல்லாம் உள்ளதான் நிக்கு. வெள்ளம் தெளிஞ்சா தெரியும்" என்றேன். நெற்றியில் நாமம் இட்டுக்கொண்டு சொன்ன பொய்.

17 நவம்பர், ஞாயிறு

இன்னும் மூன்று செத்தன. தென்னை மூட்டில் இடம் தேடிக் குழி தோண்டுகிறேன்.

வார்த்தை: பூஜ்யம்.

மகள் சபிதா துபாயிலிருந்து வீடியோவில் வந்தாள். "அப்பா இன்னைக்கு எத்தனை எண்ணுனாவ?" என்றாள். அவர் ஒன்பது எண்ணியதை அன்றைக்கே அவளிடம் சொல்லியிருந்தேன், அவளுக்கு அதில் எவ்வளவு சந்தோஷம். "ஒறங்குதாவ மக்களே" என்று போனைத் திருப்பிக்கொண்டேன். அவர் கண் திறந்துதான் இருந்தது. என்னையே பார்த்தது.

18 நவம்பர், திங்கள்

தாங்கலுக்குப் போனேன். பள்ளியறைக் கண்ணாடியில் அவரவர் முகத்தைப் பார்த்துக் கும்பிடுவதுதான் எங்கள் வழி. இன்று என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தூணோரம் உட்கார்ந்து ஏடு கேட்டேன். ஒரு வரியும் உள்ளே இறங்கவில்லை.

20 நவம்பர், புதன்

இன்று விடிகாலையில் இரண்டு. மிச்சம் மூன்று.

எலிசாவைக் காவல் வைத்துவிட்டு, பஸ் ஏறித் தக்கலையில் வளர்ப்பு மீன் விற்கும் வினோஜ் கடைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"யக்கா, ஸ்பாஞ்சை எதுல கழுவுனிய?"

"சோப்புல. கல்லுக்குப் பிளீச்சிங் பவுடர்."

வினோஜ் மெதுவாகச் சொன்னான்: "நீங்க கழுவிக் களஞ்சது அழுக்கில்லக்கா. கண்ணுக்குத் தெரியாத உசிரு அதுல குடியிருக்கும். மீனு கழியதை அதுதான் தின்னு தீக்கும். அது செத்தா வெள்ளம் வெசமாயிரும். நீங்க மாத்த மாத்த, அது தலையெடுக்க வழியில்லாமப் போச்சு. இனி கையைக் கெட்டிட்டு இருங்க. தெனமும் ஒரு வாளி மட்டும் மாத்துங்க, அதுவும் ராத்திரியே பிடிச்சு வச்ச வெள்ளம். தீனி நுள்ளளவு."

அவன் தொட்டியிலிருந்தே ஒரு பழைய ஸ்பாஞ்சை ஈரத்தோடு கவரில் போட்டுத் தந்தான். அழுக்கு ஸ்பாஞ்சு. அதற்குக் காசு வாங்கவில்லை. கிளம்பும்போது கேட்டான்: "அண்ணன் ஒண்ணும் சொல்லலியா? தொட்டி வெள்ளத்துலயே லேசா அலசுனா போதும்னு எனக்கே சொல்லித் தந்தவரு அவருல்லா."

பஸ்ஸில் உட்காரும்வரை விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அன்றைக்கு ஆட்டிய கை.

சொன்னாரு. சொல்லத்தான் செஞ்சாரு. நான் பாட்டிலைக் கொண்டு நீட்டினேன்.

21 நவம்பர், வியாழன்

தொடாமல் இருக்கிறேன். அழுக்கைப் பார்த்துக்கொண்டே கையை முந்தானையில் சுருட்டி வைத்திருக்கிறேன். தவசு என்றால் இதுதான் போல.

24 நவம்பர், ஞாயிறு

தொட்டியின் பின்பக்கக் கண்ணாடி நிழலாகத் தெரிகிறது. இத்தனை நாள் தெளிய வேண்டும் என்று அழுதேன். இப்போது தெளியக் கூடாதே என்று வேண்டுகிறேன். தெளிந்தால் எண்ணுவார். எண்ணினால் மூன்று. ஒன்பதும் உள்ளே நிற்கிறது என்று பத்து நாளாக அவரிடம் சொல்லிவந்தது நான்.

இன்னும் ஆறு வாங்கி விட்டால்? வினோஜிடம் போன் பண்ணிக் கேட்டேன். "இந்த வெள்ளத்துல விட்டா அதுவும் சாவும், இருக்கதும் சாவும்" என்றான். அப்படியும் கேட்டிருக்கிறேன் பார். பொய்க்குக் காவலாக ஆறு உயிர்.

26 நவம்பர், செவ்வாய்

தெளிந்துவிட்டது. அவர் விழிக்கும் முன் வேட்டியை எடுத்துத் தொட்டியை மூடினேன். "வெளிச்சம் மீனுக்கு ஆவாதாம்" என்றேன்.

நாள் முழுவதும் அந்த வேட்டியையே பார்த்துக்கொண்டு கிடந்தார். சத்தம் போடவில்லை. கை ஆட்டவில்லை.

27 நவம்பர், புதன்

இன்றும் மூடியே இருந்தது. மதியம் கஞ்சி கொடுக்கும்போது வாயைத் திறக்கவில்லை. உதட்டில் கரண்டி இடித்தது. கஞ்சி தாடையில் வழிந்தது. துடைத்தேன். மறுபடி நீட்டினேன். திறக்கவில்லை.

என்னால் முடியவில்லை. எழுந்து போய் வேட்டியை உருவினேன்.

எண்ணினார். ஒண்ணு. ரெண்டு. மூணு. பிறகு கல்லுக்குப் பின்னால் பார்த்தார். செடிக்குள் பார்த்தார். பில்ட்டர் மூலையில் பார்த்தார். அடி முதல் மேல் வரை கண் போய்ப் போய் வந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆறு செத்துப் போச்சு. நான்தான் கழுவிக் கழுவிக் கொன்னேன். நீங்க வேண்டாம்னு சொன்னது எனக்கு விளங்கல்ல. பொறவு பொய்யும் சொன்னேன்."

முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆறிய கஞ்சியைத் தென்னை மூட்டில் ஊற்றினேன்.

28 நவம்பர், வியாழன்

பூஜ்யம்.

29 நவம்பர், வெள்ளி

பூஜ்யம். சபிதாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அழுதாள். "நீங்க என்னம்மா செய்விய" என்றாள்.

1 டிசம்பர், ஞாயிறு

பூஜ்யம். கஞ்சி குடிக்கிறார். என்னைப் பார்ப்பதில்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, யாருக்காக என்று தெரியவில்லை.

இன்று ஏடு வாசிப்பு நிறைவு. போகவில்லை.

4 டிசம்பர், புதன்

காலையில் வாளித் தண்ணீரோடு தொட்டி அருகே நின்றபோது பின்னால் குரல் கேட்டது. திரும்பவில்லை. திரும்பினால் நின்றுவிடுமோ என்று அப்படியே நின்றேன்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

நாலாவதைத் தேடவில்லை. அத்தோடு நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டார்.

வார்த்தை: மூன்று.